முதலில் தண்ணீர், பிறகு இறால்

ரொறன்ரோவில் சிஎன் கோபுரத்தின் காலடியில், 2013 ஒக்ரோபரில் திறக்கப்பட்ட ரிப்ளிஸ் நீர்வாழ் காட்சியகத்தில் 57 இலட்சம் லீற்றர் தண்ணீர் இருக்கிறது. அதைக் கவனிக்க உயிரியலாளர்களும் பொறியியலாளர்களும் இரவுபகலாக ஓடும் இயந்திரங்களும் உண்டு. ஸ்காபரோவின் ஓர் அடுக்குமாடி வீட்டில், பிள்ளை படிக்கும் மேசையின் ஓரத்தில் இருக்கும் இறால் தொட்டியின் கொள்ளளவு 20 லீற்றர். அதைக் கவனிக்க அந்தப் பிள்ளையும் பெற்றோரும்தான். இரண்டிலும் நடக்கிற வேதியியல் ஒன்றே. ஆனால் பெருநீரில் ஒரு தவறு கரைந்து போய்விடும். சிறிய தொட்டியில் அதே தவறு விடிவதற்குள் உயிரைப் பறித்துவிடும்.

இந்த வித்தியாசத்தைச் சொல்லாமலேயே சின்னத் தொட்டிகள் விற்பனையாகின்றன. சின்னது என்றால் சுலபம் என்று வாங்குபவர் நினைக்கிறார், விற்பவரும் திருத்துவதில்லை. கண்ணாடித் தொட்டி, கல், செடி, விளக்கு, பத்து இறால்கள் எல்லாம் ஒரே பையில் ஒரே சனிக்கிழமை வீட்டுக்கு வருகின்றன. அடுத்த சனிக்கிழமைக்குள் இறால்கள் ஒவ்வொன்றாகச் சாய்கின்றன. “இதெல்லாம் எங்களுக்குச் சரிவராது” என்று தொட்டி நிலவறைக்குப் போகிறது. அந்த வீட்டில் யாரும் கவனக்குறைவாக இருந்திருக்கமாட்டார்கள். தண்ணீர் தயாராவதற்கு முன் உயிர் வந்து சேர்ந்ததுதான் அங்கே நடந்த ஒரே பிழை.

ரொறன்ரோ வீடுகளுக்கு இறால் தொட்டியைப்போலப் பொருத்தமான வளர்ப்புயிர் குறைவு. ஆகவே இறாலை வளர்க்கவேண்டும் என்றே இங்கு வாதிடப்படுகிறது. கூடவே, தொட்டி வாங்குகிற நாளில் இறாலை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது என்றும் வாதிடப்படுகிறது.

முதலில் ஆளை அறிந்துகொள்வோம். கடைகளில் செர்ரி இறால் என்ற பெயரில் இருப்பது நியோகரிடினா டேவிடி என்ற நன்னீர் இனம். 1904இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பூவியே இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். சீனாவிலும் தைவானிலும் ஓடைகளில் வாழ்கிற இதன் இயற்கை நிறம் பளிச்சென்று இருக்காது. மங்கிய பழுப்பும் கண்ணாடித்தன்மையுமாகச் சேற்றோடு சேறாக மறைந்துவிடும். அவற்றுள் சிவப்புக் கூடியவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனம்பெருக்கியதால் இன்றைய செர்ரிச் சிவப்பு கிடைத்தது. மஞ்சள், நீலம், செம்மஞ்சள், கறுப்பு எல்லாம் அதே இனத்தின் வேறு வேறு வரிசைகள். வெவ்வேறு நிறங்களை ஒரே தொட்டியில் விட்டால் சில தலைமுறைகளில் பிள்ளைகள் மறுபடியும் பழுப்புக்குத் திரும்பிவிடும்.

வளர்ந்த இறால் பெரும்பாலும் 3 சென்ரிமீற்றரைத் தாண்டாது. ஆயுள் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள். தாய் இருபது முப்பது முட்டைகளை வயிற்றின் அடியிலுள்ள நீச்சற்கால்களுக்கிடையில் சுமந்து, ஏறத்தாழ ஒரு மாதம் விசிறிக்கொண்டே இருக்கும். பொரித்து வெளியே வருபவை பெற்றோரின் அதே உருவத்தில், ஓர் எள்ளைவிடச் சிறிதாக இருக்கும். கடலோர இறால் இனங்களுக்கு இருப்பதுபோன்ற மிதக்கும் குடம்பிப் பருவம் இதற்கு இல்லை, உப்புநீரும் தேவையில்லை. பாசி தின்பதற்காக விற்கப்படும் அமானோ இறாலைத் தொட்டியில் பெருக்குவது ஏன் கடினம் என்பதற்கு விடையும் இதுதான். அதன் குடம்பிகள் உப்புக் கலந்த நீரில்தான் பிழைக்கும்.

இந்தச் செர்ரி இறாலுக்கு ரொறன்ரோ எப்படிப் பொருந்துகிறது? தண்ணீரிலிருந்து தொடங்கலாம். நகரின் குழாய்நீர் முழுவதும் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வருகிறது. அதன் கடினத்தன்மை லீற்றருக்கு ஏறத்தாழ 120 மில்லிகிராம். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற கல்சியமும் மக்னீசியமும்தான் இந்தக் கடினத்தன்மை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணறுகளில் வாளி வாளியாக அள்ளியவர்களுக்கு இது புதிதல்ல. ஆனால் ஒன்ராறியோ நீர் அந்த அளவுக்குக் கடினமானதுமல்ல. இறால் தன் ஓட்டைக் கட்டுவதற்குக் கல்சியம் வேண்டும். செர்ரி இறால் வளர்ப்பவர்கள் நாடுகிற அளவுக்குள் ரொறன்ரோ நீர் தானாகவே வந்து நிற்கிறது. கார அமிலச் சுட்டெண்ணும் 7க்குச் சற்று மேலேயே இருப்பதால் அதையும் திருத்தவேண்டியதில்லை. கறுப்பு வெள்ளையும் சிவப்பு வெள்ளையுமான தேனீ இறால்களுக்கு மென்மையான, அமிலத்தன்மை கொண்ட நீர் வேண்டும் என்பதால் அவற்றை வளர்ப்பவர்கள் வடிகட்டிய தூயநீரில் உப்புகளை அளந்து கலக்கிறார்கள். செர்ரி இறாலோடு தொடங்குபவருக்கு அந்தச் செலவு மிச்சம்.

அடுத்தது வெப்பம். வாடகை வீடுகளில் குளிர்காலத்தில் குறைந்தது 21 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கவேண்டும் என்பது ரொறன்ரோ மாநகரச் சட்டம். மனிதருக்காக எழுதப்பட்ட அந்தச் சட்டம் இறாலுக்கும் போதுமானது. 18 முதல் 28 பாகை வரை தாங்குகிற இந்த உயிருக்குச் சூடாக்கி இல்லாமலே ஒரு ரொறன்ரோக் குளிர்காலம் கழிந்துவிடும். உண்மையான இடர் கோடையில்தான் வருகிறது. குளிரூட்டி இல்லாத மேற்தளத்து வீட்டில் ஜூலை வெயில் தொட்டியை 30 பாகைக்கு மேல் கொண்டுபோனால் நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும். ஆகவே தொட்டியை யன்னலோரத்தில் வைக்காமலிருப்பதும், வெயில் நாட்களில் மூடியைத் திறந்து ஒரு சின்ன விசிறியை நீர்மட்டத்தை நோக்கி வைப்பதும் நல்லது.

மூன்றாவது, வீட்டுரிமை. ஒன்ராறியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வளர்ப்புயிர் கூடாது என்று வாடகை ஒப்பந்தத்தில் எழுதப்படும் நிபந்தனை செல்லாது என்கிறது. கொண்டோக் கட்டடங்களுக்குத் தனி விதிகள் இருக்கலாம், கேட்டறிவது நல்லது. நாயும் பூனையும் வளர்க்க நேரமும் இடமும் இல்லாத வீடுகள், ஒவ்வாமை உள்ள பிள்ளைகள், வெளியே நடமாட முடியாத பனிக்காலத்தில் நாள் முழுக்க வீட்டிலிருக்கும் அம்மம்மாக்கள், அப்பப்பாக்கள் எல்லோருக்கும் ஏற்றது ஓசையில்லாத இந்தச் சின்ன உயிர். இறால் ஓய்ந்திருப்பதில்லை. முன்கால்களின் சிறு தூரிகைகளால் இலை இலையாக, கல் கல்லாகத் தடவித் தின்றுகொண்டே இருக்கும். ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் அலுக்காது.

இத்தனை பொருத்தம் இருந்தும் இறால்கள் ஏன் சாகின்றன? முதற் காரணமும் அதே குழாயிலிருந்துதான் வருகிறது. ஆர். சி. ஹரிஸ் உட்பட நான்கு சுத்திகரிப்பு நிலையங்களிலிருந்து வரும் நீர், நீண்ட குழாய்வழியில் கிருமி இல்லாமல் வீடு சேரவேண்டும். அதற்காகக் குளோரினுடன் சிறிது அமோனியாவும் சேர்த்துக் குளோரமைனாக அனுப்புகிறார்கள். குடிப்பவருக்கு இதனால் தீங்கில்லை. நீரிலேயே மூச்செடுக்கும் உயிருக்கு இது நஞ்சு. வெறும் குளோரின் என்றால் வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தாலே ஆவியாகிவிடும். ஊரில் மீன் வளர்த்தவர்கள் அப்படித்தான் செய்தார்கள். குளோரமைன் அப்படிப் போகாது. தண்ணீரைப் பிடித்து ஒரு நாள் வைத்தால் போதும் என்ற பழைய அறிவுரை ரொறன்ரோவில் உயிரைக் கொல்லும் அறிவுரை. குளோரமைனுக்கும் உரியது என்று போத்தலில் எழுதியிருக்கும் நீர்ச்சீராக்கியைச் சில துளிகள் விடவேண்டும். குளோரினை மட்டும் முறிப்பவை அமோனியாவை நீரிலேயே விட்டுவிடும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. இறாலின் கழிவும், மிஞ்சிய தீனியும், அழுகும் இலையும் அமோனியாவைத் தருகின்றன. அமோனியாவை உண்டு நைட்ரைட் ஆக்கும் நுண்ணுயிர்களும், நைட்ரைட்டை உண்டு நைட்ரேட் ஆக்கும் நுண்ணுயிர்களும் தொட்டியில் குடியேறவேண்டும். அமோனியாவும் நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட் குறைந்த அளவில் தீங்கற்றது, செடிகளுக்கு அது உணவு. இந்த வேலையைப் பெரும்பாலும் பாக்டீரியாக்களே செய்கின்றன என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ரொறன்ரோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலான கார்ப் பயணத்தில் இருக்கும் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தில் லாரா சோடர், ஜோஷ் நியூஃபெல்ட் முதலிய ஆய்வாளர்கள் மீன்தொட்டி வடிகட்டிகளைச் சோதித்து 2011இல் வெளியிட்ட ஆய்வு, நன்னீர்த் தொட்டிகள் பலவற்றில் அமோனியாவை உண்பவற்றுள் மேலோங்கி இருப்பவை பாக்டீரியாக்கள் அல்ல, ஆர்க்கியா என்னும் வேறொரு பழமையான உயிர்க்கூட்டம் என்று காட்டியது. ஒரு வீட்டு மேசையில் இருக்கிற தொட்டியின் வடிகட்டிப் பஞ்சுக்குள் அறிவியல் இன்னும் தேடிக்கொண்டிருக்கும் ஓர் உலகம் இருக்கிறது.

அந்த உலகம் மெதுவாகவே வளரும். குடலில் வாழும் இ. கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடங்களில் இரட்டிக்கும். அமோனியாவை உண்பவை இரட்டிக்க மணிக்கணக்கிலிருந்து நாட்கணக்கு வரை எடுக்கும். நீர் குளிர்ந்திருந்தால் இன்னும் சுணங்கும். ஆகவே புதுத் தொட்டி உயிர் தாங்கும் நிலைக்கு வர நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். அந்த நாட்களில் தொட்டியில் நீரும் செடியும் ஓடுகிற வடிகட்டியும் மட்டுமே இருக்கும். ஒரு சிட்டிகை மீன்தீனியை இடைக்கிடை போட்டு அழுகவிட்டால் நுண்ணுயிர்களுக்கு அமோனியா கிடைக்கும். துளித்துளியாக விட்டு நிறம் பார்க்கும் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி வாரம் இரண்டு முறை அளக்கலாம். அமோனியா ஏறி இறங்கும், பின் நைட்ரைட் ஏறி இறங்கும், கடைசியில் நைட்ரேட் மட்டும் நிற்கும். அமோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியமாகித் தொடர்ந்து அப்படியே இருந்தால் தண்ணீர் தயார். பள்ளிக்கூடத்தில் நைட்ரசன் வட்டத்தைப் படத்தில் பார்க்கும் ஒரு பிள்ளை, அதைத் தன் கையால் அளந்து தாளில் வரைபடமாகக் குறிக்க இதைவிட நல்ல வாய்ப்புக் கிடைக்காது. அந்த ஒரு மாதத்தை வீணான காத்திருப்பு என்று எண்ணுபவர்கள் இந்தப் பொழுதுபோக்கின் பாதிச் சுவையை இழக்கிறார்கள்.

தொட்டியை எப்படி அமைப்பது? 20 லீற்றருக்குக் குறைந்தது வேண்டாம். இடமிருந்தால் 40 லீற்றர் இன்னும் சுலபம். நீர் கூடக்கூட வெப்பமும் வேதியியலும் மெதுவாக மாறும். 20 லீற்றர் நீரின் எடை மட்டுமே 20 கிலோ. கண்ணாடியும் மணலும் கல்லும் சேர்ந்தால் 25 கிலோவைத் தாண்டும். தட்டையான பலகைகளைப் பூட்டிச் செய்த மெலிந்த எழுத்துமேசை நாளடைவில் வளையும். சுவரையொட்டிய உறுதியான மேசையோ தாழ்ந்த அலுமாரியோ நல்லது. மின்வடங்கள் சுவர்ச் சொருகிக்குப் போகுமுன் ஒரு வளைவு கீழே தொங்கவேண்டும். அப்போது வழியும் நீர் சொருகிக்குள் போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

வடிகட்டிக்கு விலைகூடிய கருவி வேண்டாம். சின்னக் காற்றுப் பம்பில் ஓடும் ஸ்பொஞ்ச் வடிகட்டியே இறாலுக்குச் சிறந்தது. அது குஞ்சுகளை உறிஞ்சி இழுக்காது. நுண்ணுயிர்கள் குடியேறப் பரந்த இடம் தரும். இறால்களும் அதன்மேல் உட்கார்ந்து மேயும். மின்சாரம் நின்றால் நீர் குழாய் வழியே திரும்பி வராமலிருக்க, காற்றுக்குழாயில் ஒருவழித் தடுக்கி ஒன்றைப் பொருத்தவேண்டும். அடியில் கருமையான மணல் போட்டால் சிவப்பு எடுத்துக்காட்டும். வெளிர் மணலில் இறால் தன் நிறத்தைத் தானே மங்கவைத்துக்கொள்ளும்.

செடிகளில் ஜாவா பாசியைத் தவிர்க்கவே கூடாது. குஞ்சுகளுக்கு அதுதான் மறைவிடம், அதுவே மேய்ச்சல்நிலம். அதோடு இலங்கைத் தமிழர் வீட்டுத் தொட்டியில் இருக்கவேண்டிய செடி ஒன்று உண்டு. உலகெங்கும் மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் கிரிப்டோகோரைன் வெண்டியை, இலங்கையின் நிழலான ஓடைக்கரைகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. அதன் உறவுகளான பெக்கெற்றியை, வாக்கரி, குள்ளச் செடியான பர்வா ஆகியனவும் இலங்கைக்கே உரியவை. இவற்றுக்குக் கூடிய வெளிச்சமோ கரியமில வாயுக் குப்பியோ தேவையில்லை. புது நீருக்கு மாற்றியதும் இலைகள் கரைந்து விழலாம். பிடுங்கி எறியாமல் விட்டால் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். விளக்கு நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். பழைய ஈயக் குழாய்களின் அரிப்பைத் தடுப்பதற்காக ரொறன்ரோ 2014 முதல் குழாய்நீரில் பாஸ்பேட் சேர்க்கிறது. பாசிக்கு அது உரம் என்பதால், வெளிச்சம் கூடினால் கண்ணாடி பச்சையாகிவிடும்.

தண்ணீர் தயாரான பிறகு பத்து இறால்களோடு தொடங்கலாம். கடைப் பையிலிருந்து அப்படியே கொட்டக்கூடாது. பையின் நீரை ஒரு பாத்திரத்தில் விட்டு, தொட்டி நீரை மெல்லிய குழாய் வழியே சொட்டுச் சொட்டாக ஒன்றிரண்டு மணி நேரம் சேர்த்துப் பழக்கவேண்டும். ஜனவரியில் வாங்குவதாக இருந்தால் வெப்பம் காக்கும் பெட்டி ஒன்றோடு போவது அவசியம். கடைக்கும் பஸ் தரிப்பிடத்துக்கும் இடையிலுள்ள பத்து நிமிட உறைகுளிரே ஒரு சின்னப் பை நீரைக் குளிரச் செய்யப் போதும்.

தீனி விடயத்தில் தமிழ் வீடுகள் கையை அடக்கவேண்டும். விருந்தாளிக்கு வயிறு நிறையப் போடுவது எங்கள் பண்பு. இறாலுக்கு அதுவே ஆபத்து. தொட்டியில் படியும் மென்பாசிப் படலமே அதன் முதல் உணவு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, இரண்டு மணி நேரத்தில் தின்று முடிக்கிற அளவு கொடுத்தால் போதும். மிஞ்சியதை எடுத்துவிடவேண்டும். கடைத் தீனியோடு, ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டெடுத்த பசளிக் கீரையோ வெள்ளரித் துண்டோ கொடுக்கலாம். இறால் வளர்ப்பவர்கள் உலகெங்கும் விரும்பி வாங்குகிற தீனிகளுள் முருங்கையிலையும் ஒன்று. ஸ்காபரோத் தமிழ்க் கடைகளில் கிடைக்கும் முருங்கையிலையில் மருந்து தெளித்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் அதைத் தவிர்த்து, பூச்சிமருந்து படாதது என்று உறுதியானதை மட்டும் நன்றாகக் கழுவிக் கொடுக்கவேண்டும்.

சில வாரங்களில் தொட்டியின் அடியில் வெள்ளையாக, அசைவற்று ஓர் இறால் கிடப்பதுபோலத் தெரியும். புதியவர்கள் பதறிப்போய் எடுத்து எறிந்துவிடுவார்கள். பெரும்பாலும் அது கழற்றிய ஓடு. ஓட்டைக் கழற்றித்தான் இறால் வளரும். கழற்றியதைத் தின்று கல்சியத்தை மீட்டுக்கொள்ளும். ஆகவே அது அங்கேயே கிடக்கட்டும். புதிய ஓடு இறுகும்வரை இறால் ஒளிந்திருக்கும். நீரின் தன்மை திடீரென மாறினால் காலம் தவறி ஓடு கழற்ற நேர்ந்து, பாதியில் சிக்கிச் செத்துப்போகும். அதனால் நீர் மாற்றுவது வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சினால் ஏழில் ஒரு பங்கு. புது நீர் தொட்டி நீரின் வெப்பத்திலேயே இருக்கவேண்டும். ஸ்பொஞ்சைக் குழாயில் கழுவினால் குளோரமைன் அத்தனை நுண்ணுயிரையும் கொன்றுவிடும். தொட்டியிலிருந்து எடுத்த வாளி நீரில் பிழிந்தால் போதும்.

இன்னொரு விடயம் கனடியக் குளிர்காலத்துக்கே உரியது. சூடாக்கி ஓடும் வீட்டின் காற்று வறண்டது. தொட்டி நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்புகள் உள்ளேயே தங்கிவிடும். குறைந்த மட்டத்தைக் குழாய்நீராலேயே நிரப்பிக்கொண்டிருந்தால் மாசி மாதத்துக்குள் கடினத்தன்மை இறால் தாங்காத அளவுக்கு ஏறலாம். ஆவியான பங்கை நிரப்ப மருந்துக்கடையில் கிடைக்கும் காய்ச்சி வடித்த நீரையும், மாற்றும் பங்குக்குச் சீராக்கிய குழாய்நீரையும் பயன்படுத்துவதே முறை.

வீட்டுக்குள் இருக்கும் நஞ்சுகளையும் சொல்லவேண்டும். கரப்பான், மூட்டைப்பூச்சிக்கு அடிக்கும் மருந்துகளில் உள்ள பைரெத்ரின் வகைகள் பூச்சிகளைப்போலவே இறாலையும் கொல்லும், இரண்டும் கணுக்காலிகள்தான். அடுக்குமாடியில் மருந்தடிக்க ஆள் வரும் அறிவித்தல் ஒட்டப்பட்டால் காற்றுப் பம்பை நிறுத்தித் தொட்டியை இறுக மூடவேண்டும். முடிந்தால் வேறு வீட்டுக்கு மாற்றவேண்டும். மீன்களின் நோய்க்கு விற்கும் மருந்துகள் பலவற்றில் செம்பு இருக்கிறது. மனிதருக்கு அற்பமான செம்பின் அளவே இறாலுக்கு மரணம். செப்புக் குழாயில் இரவெல்லாம் தேங்கிய முதல் நீரையும் ஓடவிட்ட பிறகே பிடிக்கவேண்டும். மின்வெட்டுக்கும் ஆயத்தம் வேண்டும். 2013 டிசம்பர் உறைமழைப் புயலில் ரொறன்ரோவில் சுமார் 300,000 மின்வாடிக்கையாளர்கள் இருளில் கிடந்தார்கள். பலருக்குச் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரத்துக்கு மேல். பற்றரியில் ஓடும் சின்னக் காற்றுப் பம்பு ஒன்றும் தொட்டியைச் சுற்றிக்கட்ட ஒரு போர்வையும் இருந்தால் அப்படியான நாட்களைக் கடந்துவிடலாம்.

இத்தனை பாடு ஓர் இறாலுக்காகவா என்று கேட்பவர்கள் உண்டு. கறிச்சட்டிக்குள் போடுகிற உயிருக்கு இவ்வளவு உபசாரமா என்பார்கள். கேள்வி நியாயமானது, பதில் இருக்கிறது. ஜொனதன் பேர்ச் தலைமையில் இலண்டன் பொருளியல் கல்லூரி 2021இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, நண்டு இறால் வகைகள் வேதனையை உணர்கின்றன என்று கொள்ளப் போதிய சான்று இருக்கிறது என்றது. அதைத் தொடர்ந்து 2022இல் பிரித்தானியா நிறைவேற்றிய விலங்குநலச் சட்டம் இவற்றையும் உணர்வுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்தது. உண்பதும் உண்ணாததும் அவரவர் முடிவு. பார்த்து மகிழவென்று ஓர் உயிரைக் கண்ணாடிக்குள் அடைத்தால், அந்தக் கண்ணாடிக்குள் அது வாழக்கூடிய நிலையை உண்டாக்குவது அடைத்தவரின் கடமை. ஹவாய்த் தீவுகளின் சிறுஇறால்களை அடைத்து, தீனியும் வேண்டாம், நீர் மாற்றவும் வேண்டாம் என்று விற்கப்படும் மூடிய கண்ணாடி உருண்டைகளை வாங்கவேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். திறந்த தொட்டியில் பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய அந்த இனம், உருண்டைக்குள் மெல்ல மெல்லப் பட்டினி கிடக்கிறது.

வளர்ப்பவர்களின் கையில் ஓர் இனமே தங்கிநிற்பதும் உண்டு. இந்தோனேசியாவின் சுலவேசித் தீவிலுள்ள மத்தானோ ஏரிக்கே உரிய கார்டினல் இறால், சிவப்பு உடலில் வெண்புள்ளிகளோடு 2000களின் பிற்பகுதியில் மீன்தொட்டி உலகைக் கவர்ந்தது. ஏரிக்குள் யாரோ கொண்டுவந்து விட்ட வெளியூர் மீன்கள் பெருகியதால், பின்னாளில் ஆய்வாளர்கள் தேடியபோது அந்த இறால் அகப்படவில்லை. இன்று அது மீன்தொட்டிகளில் பிறந்து வளர்ந்து வாழ்கிறது. வெளியூர் உயிரை ஓர் ஏரியில் விடுவது என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ரொறன்ரோ வாசிகள் அதற்குச் சுலவேசிவரை போகவும் தேவையில்லை. ஹமில்ரன் துறைமுகத்தில் வீட்டுத்தொட்டிப் பொன்மீன்கள் பெருகி, சேற்றைக் கிளறி, நீர்ச்செடிகளை வேரோடு பிடுங்குகின்றன. மத்திய மீன்வளத் திணைக்கள விஞ்ஞானிகள் அவற்றுக்கு ஒலிக்கருவி பொருத்தி நடமாட்டத்தைப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். ஜேர்மன் மீன்தொட்டி வணிகத்தில் 1990களில் வெளிப்பட்ட பளிங்குக் கூனிநண்டு, ஆண் இல்லாமலே தன்னைப் பிரதியெடுத்துப் பெருகும் இனம். ஒன்ராறியோ அதை 2022 ஜனவரி முதல் தடைசெய்திருக்கிறது. பர்லிங்டனில் ஒரு பூங்காக் குளத்திலும் அது அகப்பட்டிருக்கிறது. 2021 மார்ச்சில், தொட்டி அலங்காரமாக விற்ற பாசி உருண்டைகளுக்குள் வரிச்சிப்பிகள் இருப்பது அமெரிக்கக் கடையொன்றில் தெரியவந்தது. கனடாக் கடைகளிலும் அவை இருந்தன. அதே வரிச்சிப்பி 1988இல் சென் கிளயர் ஏரியில் முதன்முதல் அடையாளம் காணப்பட்டபின் பேரேரிகளின் நீர்க்குழாய்களை அடைத்துத் தந்த தொல்லை இன்றும் தீரவில்லை.

செர்ரி இறால் வெப்பநாட்டு உயிர், பனியில் செத்துப்போகும் என்று எண்ணி ரொறன்ரோவின் ஹைலண்ட் ஓடையிலோ ரூஜ் ஆற்றிலோ விடுபவர் இருக்கக்கூடும். ஆனால் ஜேர்மனியில் மின்நிலையத்தின் சூட்டுநீர் கலக்கும் கில்பாக் ஓடையில் இந்த இனம் குடியேறித் தலைமுறைகளாக வாழ்கிறது. இறால் செத்தாலும் அதனோடு போகிற நத்தையும் செடித்துண்டும் ஒட்டுண்ணியும் சாகும் என்பதற்கு உறுதி இல்லை. அயல்நீர் உயிர்களை மீன்வாழும் நீர்நிலைகளில் அனுமதியின்றி விடுவதைக் கனடாவின் 2015ஆம் ஆண்டு மத்திய ஒழுங்குவிதிகள் தடைசெய்கின்றன. பத்து இறால் ஓராண்டுக்குள் நூறாகும் என்பதால் இந்தக் கேள்வி ஒவ்வொரு வளர்ப்பவருக்கும் ஒருநாள் வரும். அயலவருக்கும் நண்பருக்கும் பள்ளிக்கும் கொடுக்கலாம். கடை ஏற்றுக்கொண்டால் கடைக்கே திருப்பலாம். தொட்டியைச் சுத்தப்படுத்தும் நீர் கழிவறைக்கோ வீட்டுச் செடித்தொட்டிக்கோ போகலாம். தெருவோர மழைநீர் வாய்க்காலுக்குப் போகக்கூடாது. அது பெரும்பாலும் நேரே ஓடைக்குப் போகும்.

ஆகவே கடைகளிடம் மூன்று காரியங்களைக் கேட்பது அதிகமல்ல. புதுத் தொட்டி வாங்குபவருக்கு அன்றே இறாலை விற்காமல், நீரைச் சோதித்த அளவுகளோடு ஒரு மாதத்துக்குப் பின் வரச் சொல்லவேண்டும். குளோரமைன், காத்திருப்பு, ஆற்றில் விடாமை ஆகிய மூன்றையும் ஒரு பக்கத் தாளில் ஆங்கிலத்தோடு, ஸ்காபரோ, மார்க்கம் கடைகளில் தமிழிலும் அச்சிட்டுத் தொட்டியோடு கொடுக்கவேண்டும். பெருகிய இறால்களைத் திருப்பி வாங்கவோ இலவசமாக ஏற்கவோ ஒரு நாளை ஒதுக்கவேண்டும். இதில் கடைக்கு நட்டமில்லை. முதல் வாரத்தில் தோற்றுப்போகாத வாடிக்கையாளர் பல ஆண்டுகள் திரும்பி வருவார்.

பள்ளிகளும் நூலகங்களும் இதில் சேரலாம். வகுப்புக்கு ஒரு 40 லீற்றர் தொட்டியும் ஒரு சோதனைப் பெட்டியும் இருந்தால் நைட்ரசன் வட்டம், ஓடு கழற்றல், இனத்தெரிவு, பேரேரிகளின் அயல் உயிர்கள் எல்லாம் ஒரே இடத்தில் கற்கக் கிடைக்கும். தமிழ்ப் பாடசாலைகளில் அதே தொட்டியைப் பார்த்துப் பிள்ளைகள் தமிழில் நாட்குறிப்பு எழுதலாம். புரட்டாதியில் பள்ளி தொடங்கும் வாரத்தில் தொட்டியில் நீர் நிரப்பினால், ஐப்பசி நடுவில் சோதனைக் குழாய் பூச்சியம் காட்டும். நத்தார் விடுமுறைக்கு முன் முதல் முட்டைகள் வந்துவிடும். விடுமுறையில் தொட்டியை யார் வீட்டுக்கு எடுத்துச் செல்வது என்பதை மட்டும் ஆசிரியர் முன்கூட்டியே முடிவுசெய்துவிடவேண்டும்.